‘ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?’

வேலையிடம்: வாசகர் கேள்வி – பதில்

வேலை செய்யும் இடத்தில் குறையை எப்படிச் சொல்வது, சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வது என்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், எல்லோருக்கும் ஊரும் தொழிலும் மட்டும்.

பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஃபிளாட்லாக் மெஷினில் டி-சர்ட்டுக்கு அடி மடிப்பு அடிக்கும் அக்கா ஒருவரிடம் தினமும் அதே குறையைச் சொல்கிறேன். மாறவே இல்லை. போன வாரம் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. எப்படித்தான் சொல்வது?
– சூப்பர்வைசர், திருப்பூர்

‘அதே குறை’ என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன குறை என்று எழுதவில்லை. அவரிடமும் இப்படித்தான் சொல்கிறீர்களோ என்னவோ! ‘ஒழுங்கா அடிங்கக்கா’ என்றால் காதில் விழும், கைக்குப் போகாது. அடுத்த பீஸில் கையை எங்கே மாற்றுவது என்று அந்தச் சொல்லில் எதுவும் இல்லை.

வாயைத் திறப்பதற்கு முன் ஐந்து நிமிட வேலை இருக்கிறது. அவர் பண்டிலில் இருந்து பழுதான பீஸ் மூன்று எடுங்கள். அப்ரூவ் ஆன சாம்பிள் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். டேப் வைத்து அளந்து பாருங்கள். என்ன பழுது என்பதைப் பொறுத்துத்தான் யாரிடம் பேசுவது என்பதே முடிவாகும். தையல் விட்டுவிட்டு விழுகிறது என்றால் முதலில் மெஷினைப் பாருங்கள். ஊசி வளைந்திருக்கலாம், திருப்பி மாட்டியிருக்கலாம், நூலுக்குப் பொருந்தாத நம்பராக இருக்கலாம், லூப்பர் டைமிங் நகர்ந்திருக்கலாம். துணியில் ஊசி ஓட்டை விழுந்தால் ஊசி முனை மழுங்கியிருக்கலாம். எண்ணெய்க் கறை என்றால் மெஷினில் கசிவு. இந்த மூன்றுக்கும் தைப்பவரைத் திட்டிப் பயனில்லை, மெக்கானிக்கைக் கூப்பிடுவதுதான் வழி. மடிப்பு அகலம் 2 செ.மீ. இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் 2, இன்னொரு பக்கம் 1.6 என்று அலைகிறதா? அப்போதும் மடிப்பு அகலத்தை நிறுத்தும் கைடு இறுக்கமாக நிற்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையைப் பற்றிப் பேச வேண்டும். ஊசியை மாற்றியதும் குறை போய்விட்டால், இத்தனை நாள் அவர் வாங்கிய பேச்சு எல்லாம் வீண் பேச்சு. அதற்கு ‘உங்க மேல தப்பில்லீங்க்கா, ஊசிதான்’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கைப்பழக்கம்தான் காரணம் என்று உறுதியானால், அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். மெஷின் நின்ற பிறகு, பக்கத்து மெஷினுக்குக் கேட்காத குரலில் பேசுங்கள். ‘ஏனுங்க்கா, இந்த மூணு பீஸைக் கொஞ்சம் பாருங்க. சைடு ஜாயிண்ட் தாண்டினதும் மடிப்பு ஒண்ணே முக்காலுக்குக் கீழே போயிருது. சாம்பிள்ல ரெண்டு இருக்குது. அந்த இடத்துல என்னங்க ஆகுது?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அங்கேதான் பலருக்குப் பொறுமை போகும். அவர் சொல்லும் பதிலில் பாதி வேலை முடிந்துவிடும். ‘ஜாயிண்ட் தடிமனா இருக்குது, துணி நழுவுது’ என்பார். அப்படியானால் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, இடது கையால் மடிப்பைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒரு குறை போதும். லேபிள், நூல் வெட்டுவது, பண்டில் கட்டுவது எல்லாவற்றையும் அதே மூச்சில் சேர்க்காதீர்கள்.

பிறகு அவர் அடிக்கும் அடுத்த 5 பீஸை நின்று பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு 5. சரியாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். குறையைச் சொல்ல மெஷின் வரைக்கும் போகிறவர், சரியானதைச் சொல்ல மட்டும் தூரத்தில் இருந்து தலையாட்டுவது ஏன்?

நேரமும் முக்கியம். ஷிப்ட் முடியும்போது ஆல்டர் பீஸை, அதாவது திருத்தித் தைக்க வேண்டியதை, குவியலாகக் கொண்டுவந்து முன்னால் போட்டால், பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு அது வருமானத்தில் கைவைப்பதுதான். காலை முதல் ரவுண்டிலேயே சொல்லியிருந்தால் நாலைந்து பீஸோடு முடிந்திருக்கும். பையர் இன்ஸ்பெக்‌ஷன் வரை தள்ளிப்போனால் கணக்கே வேறு. பையர் ஏற்கும் பழுதின் அளவைச் சொல்லும் ஏக்யூஎல் 2.5 என்றால், 1,201 முதல் 3,200 பீஸ் வரை உள்ள லாட்டில் 125 பீஸ் எடுப்பார்கள். 7 பழுது வரை பாஸ், 8 ஆனால் லாட் ஃபெயில். பேக்கிங் ஆன பெட்டியை எல்லாம் பிரித்து உட்கார வேண்டும். மேலே இருந்து உங்களுக்கு விழும் திட்டும் அன்றைக்குத்தான் ஆரம்பிக்கும். அந்தத் திட்டை அப்படியே லைனில் இறக்கிவிடுவதுதான் போன வாரம் நடந்திருக்கும் என்று தோன்றுகிறது.

அந்த அக்காவிடம், சத்தம் போட்டதற்காக ஒரு வார்த்தை வருத்தம் சொல்லுங்கள். எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டீர்கள் என்றால், வருத்தத்தையும் பக்கத்து மெஷின்காரர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள்.

முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் இன்னொரு பாராட்டு என்று சொல்லச் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள். அப்படிச் சொன்னால் எங்கள் டீம் பையன் சிரித்துக்கொண்டே போகிறான், குறை அப்படியே இருக்கிறது.
– டீம் லீட், மென்பொருள் நிறுவனம், சென்னை

‘சாண்ட்விச்’ முறை என்பார்கள். அதில் இரண்டு விதமாகத் தவறு நடக்கும். புதியவர் ரொட்டியை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். விவரம் தெரிந்தவரோ, நீங்கள் பாராட்ட ஆரம்பித்ததுமே ‘சரி, ஏதோ வருது’ என்று உஷாராகிவிடுவார். அதன் பிறகு நீங்கள் மனதாரப் பாராட்டினாலும் நம்ப மாட்டார். பாராட்டைத் தனியாக, அது நடந்த அன்றே சொல்லுங்கள். குறையையும் தனியாகச் சொல்லுங்கள்.

சொல்வதற்கு ஒரு எளிய வரிசை உண்டு: எப்போது, எங்கே, என்ன நடந்தது, அதனால் என்ன ஆயிற்று. அமெரிக்காவில் உள்ள ‘சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப்’ என்ற அமைப்பு பரப்பிய முறை. ‘நீ பொறுப்பில்லாம இருக்கே’ என்பதற்குப் பதில், ‘செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டெஸ்ட் ஓட்டாமலே உன் புரோகிராமை மெர்ஜ் பண்ணிட்டே. பில்டு உடைஞ்சு, ராத்திரி பத்து மணி வரைக்கும் ரெண்டு பேர் உட்கார்ந்தாங்க. இனிமே மெர்ஜுக்கு முன்னாடி என்ன பண்ணப் போறே?’ என்று கேளுங்கள். ‘பொறுப்பில்லை’ என்பதை அவன் மறுக்கலாம், செவ்வாய்க்கிழமை நடந்ததில் மறுக்க ஒன்றுமில்லை. கடைசிக் கேள்விக்குப் பதில் அவன் வாயில் இருந்து வரட்டும்.

ஆராய்ச்சியும் இதைச் சொல்கிறது. 1996-இல் க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் தொகுத்து, 607 முடிவுகளை ஒன்றாக அலசினார்கள். சராசரியாகப் பார்த்தால் ஃபீட்பேக் வேலையை மேம்படுத்தியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஃபீட்பேக் கொடுத்த பிறகு வேலை இன்னும் மோசமானது. கேட்பவரின் கவனம் வேலையை விட்டுவிட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதற்குத் திரும்பினால் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘நீ பெரிய அறிவாளிப்பா’ என்ற பாராட்டுக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஜூனியர் ஒருவர் எழுதிய புரோகிராமை ரிவ்யூ செய்து நாற்பத்துச் சொச்சம் கமென்ட் போட்டேன். எல்லாமே சரியான கமென்ட்தான். அவர் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.
– டெவலப்பர், கோவை

எல்லாமே சரியாக இருக்கலாம், எல்லாமே சம எடையாக இருக்க முடியாது. ஸ்பேஸ், கமா, பெயர் எழுதும் முறை போன்றவற்றை ஃபார்மேட்டர், லின்ட்டர் கருவிகளிடம் விட்டுவிடுங்கள். கருவி சொன்னால் யாருக்கும் ரோஷம் வராது. மீதி உள்ள ஒவ்வொரு கமென்ட்டுக்கும் முன்னால் ‘கட்டாயம்’, ‘யோசனை’, ‘கேள்வி’ என்று ஒரு சொல் போடுங்கள். அவர் முதலில் கட்டாயத்தை மட்டும் முடிக்கலாம். ஒரே தவறு பதினைந்து இடத்தில் இருந்தால் ஓர் இடத்தில் எழுதி, ‘மற்ற இடங்களிலும் இப்படியே’ என்று விட்டுவிடலாம். ‘ஏன் இப்படி எழுதினாய்?’ என்பது எழுத்தில் அதட்டலாகத்தான் தெரியும். ‘இங்கே லிஸ்ட் காலியாக வந்தால் என்ன ஆகும்?’ என்பது வேலையைப் பற்றிய கேள்வி.

கமென்ட் பத்தைத் தாண்டுகிறது என்றால் எழுதுவதை நிறுத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவ்வளவு கமென்ட் வருகிறதென்றால் பெரும்பாலும் புரோகிராம் அளவுக்கு மீறிப் பெரிதாக வந்திருக்கும், அல்லது எழுதும் முன் டிசைனைப் பேசியிருக்க மாட்டீர்கள். அடுத்த முறை 400 வரிக்குள் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள்.

அப்ரைசலில் ‘ப்ரோஆக்டிவாக இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்றே புரியவில்லை. கேட்டால் எதிர்த்துப் பேசுவதாக நினைப்பார்களோ என்று பயம்.
– தனியார் காப்பீட்டு நிறுவன ஊழியர், சேலம்

புரியாததற்குக் காரணம் நீங்கள் இல்லை, அந்தச் சொல். அதற்கு ஆளுக்கொரு பொருள் உண்டு. கேட்காமலே வேலையை எடுத்துச் செய்யவில்லை என்பதாக இருக்கலாம். பிரச்சினையை முன்கூட்டியே சொல்லவில்லை என்பதாக இருக்கலாம். மீட்டிங்கில் பேசுவதில்லை என்பதாகக்கூட இருக்கலாம். எது என்று தெரியாமல் நீங்கள் எதை மாற்றினாலும் குருட்டடிதான்.

அன்றைக்கே பேசாதீர்கள். மனம் கொதிக்கும்போது கேட்கும் கேள்வி எதுவும் சண்டையாகத்தான் ஒலிக்கும். ஒருநாள் விட்டு, பதினைந்து நிமிடம் நேரம் கேளுங்கள். இப்படி ஆரம்பிக்கலாம்: ‘சார், நீங்க எழுதியிருக்கிறதை மாத்தச் சொல்லிக் கேட்க வரல. சரி பண்ணிக்கணும்னு நினைக்கிறேன். இந்த வருஷத்துல எந்த இடத்துல நான் முன்னாடியே செஞ்சிருக்கலாம்னு உங்களுக்குத் தோணுச்சு? ஒண்ணு ரெண்டு சொன்னீங்கன்னா போதும்.’ அவர் சொல்லும்போது குறித்துக்கொள்ளுங்கள். ‘அன்னிக்கு சர்வர் டவுன் சார்’ என்று இடையில் புகுந்து விளக்கம் சொல்லாதீர்கள். முதல் விளக்கத்திலேயே அவர் மேற்கொண்டு சொல்வதை நிறுத்திவிடுவார். முடித்ததும் நீங்கள் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள். அதன் பிறகு ஒரு கேள்வி: ‘அடுத்த மூணு மாசத்துல எதைப் பார்த்தா, இவர் மாறிட்டாருன்னு சொல்லுவீங்க?’ அதற்கு வரும் பதில்தான் உங்களுக்கு வேண்டிய ஃபீட்பேக். அன்று மாலையே அதை நாலு வரி மெயிலாக எழுதி, நன்றி சொல்லி அனுப்பி வையுங்கள். அடுத்த அப்ரைசலில் அந்த மெயில் பேசும்.

அவரால் ஒரு நிகழ்ச்சிகூடச் சொல்ல முடியவில்லை என்றால்? அதுவும் ஒரு தகவல்தான். கோட்டா நிரப்ப எழுதிய வரியாக இருக்கலாம். அதற்காக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் மூன்று மாதக் கேள்வியை மட்டும் விடாமல் கேட்டு வாங்குங்கள்.

மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. வருடாந்திர மதிப்பீட்டில் இந்த ஆண்டு ‘குட்’ போட்டிருக்கிறார்கள். நல்லது என்றுதானே அர்த்தம், விட்டுவிடலாமா?
– திருச்சி

விட வேண்டாம். அகராதியில் நல்லது, சர்வீஸில் அப்படி இல்லை. 10-க்கு 4 முதல் 6-க்குள் மதிப்பெண் இருந்தால் ‘குட்’, 6 முதல் 8-க்குள் ‘வெரி குட்’. பதவி உயர்வு கிடைக்காதவருக்கும் குறிப்பிட்ட ஆண்டுகள் கழித்துச் சம்பளத்தை உயர்த்தும் எம்ஏசிபி திட்டத்தில் நிதி உயர்வு பெற 2016 ஜூலை 25 முதல் ‘வெரி குட்’ தேவை என்றாகிவிட்டது. அதனால் ‘குட்’ உங்கள் சம்பளத்தைத் தொடும்.

முன்பெல்லாம் மோசமான குறிப்பை மட்டும்தான் ஊழியரிடம் காட்டுவார்கள். தேவ் தத் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சொன்னது. அந்த வழக்கிலும் ‘குட்’ என்ற குறிப்புதான் பதவி உயர்வுக்குத் தடையாக நின்றது. அதன் தொடர்ச்சியாக 2009 மே 14 தேதியிட்ட பணியாளர் துறை உத்தரவுப்படி, முழு மதிப்பீட்டு அறிக்கையும் உங்களுக்குக் காட்டப்பட வேண்டும். கையில் கிடைத்த நாளில் இருந்து 15 நாளுக்குள் நீங்கள் முறையீடு செய்யலாம்.

முறையீட்டை எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘அதிகாரிக்கு என்மேல் காழ்ப்பு’ என்று தொடங்கும் மனு, படிப்பவரை அதிகாரி பக்கம்தான் தள்ளும். அறிக்கையில் மதிப்பெண் குறைந்த பகுதி எது என்று பாருங்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் ஆதாரம் வையுங்கள்: எத்தனை கோப்பு, எந்தத் தேதி, எந்தக் கடிதத்தில் பாராட்டு, ஆண்டு முழுவதும் எழுத்தில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்ற உண்மை. இரண்டு பக்கம் போதும். ஏப்ரலில் சுயமதிப்பீடு எழுதும்போதே எண்ணிக்கையோடு எழுதியிருந்தால் இந்த வேலையில் பாதி மிச்சம். ‘இட்ட பணிகளைச் செவ்வனே செய்தேன்’ என்று எழுதுபவர்களுக்கு யாராலும் உதவ முடியாது.

டாக்டர் எழுதிய மருந்து தவறோ என்று தோன்றினால், கோபப்படாதபடி எப்படிச் சொல்வது? அவர் சீனியர். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது.
– ஸ்டாஃப் நர்ஸ், மதுரை

அவர் கோபப்படுவதும் படாததும் உங்கள் கையில் இல்லை. தெளிவாகச் சொல்வது உங்கள் கையில் இருக்கிறது. இதற்கென்றே எஸ்பார் என்று ஒரு வரிசை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், என்ன வேண்டும் என்ற நான்கும் அந்த வரிசையில் வரும். ‘டாக்டர், 12-ஆம் பெட் பேஷன்ட்டுக்கு அமாக்சிசிலின் எழுதியிருக்கீங்க. கேஸ் ஷீட்ல பெனிசிலின் அலர்ஜின்னு இருக்கு, போன தடவை உடம்பெல்லாம் தடிச்சிருக்கு. இதுவும் பெனிசிலின் வகைதானே டாக்டர். வேற மாத்தித் தரீங்களா? அதுவரைக்கும் டோஸை நிறுத்தி வச்சிருக்கேன்.’ இருபது விநாடியில் முடிந்துவிடும். கேஸ் ஷீட்டை அந்தப் பக்கத்தில் திறந்து, கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

நம் ஊரில் நடக்கும் தவறு, மரியாதைக்காகச் சொல்லைத் தேய்த்துவிடுவது. ‘டாக்டர்… அந்த 12-ஆம் பெட்… ஒருதடவை பார்த்துக்கிறீங்களா?’ என்றால், ரவுண்ட்ஸ் அவசரத்தில் இருப்பவர் ‘பார்த்தாச்சு, போடுங்க’ என்று போய்விடுவார். அலர்ஜி என்ற சொல்லே அவர் காதில் விழவில்லை. மரியாதை ‘டாக்டர்’ என்ற விளியிலும் குரலிலும் இருக்கட்டும், விஷயத்தில் குறைக்க வேண்டாம்.

முதல் முறை காதில் வாங்கவில்லை என்றால் இரண்டாம் முறை சொல்லியே ஆக வேண்டும். அப்போது ஒரு படி ஏறுங்கள்: ‘எனக்குக் கவலையா இருக்கு டாக்டர்’, அடுத்து ‘இதைக் கொடுக்க எனக்கு மனசு ஒப்பல’, அதற்கும் மேல் ‘இது பேஷன்ட் பாதுகாப்பு விஷயம்’. அதன் பிறகும் நகரவில்லை என்றால் மருந்தைக் கொடுக்காமல் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் போங்கள். சொன்ன நேரத்தையும் சொன்னதையும் நோட்டில் எழுதுங்கள்.

போனில் வரும் ஆர்டரை எழுதிவிட்டு, எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றுபோலத்தான் கேட்கும். ‘ஒன் ஃபைவ், பதினைந்து மில்லிகிராம், சரிதானே டாக்டர்?’ என்று இலக்கம் இலக்கமாகச் சொன்னால் யாரையும் திருத்தியதாகவே ஆகாது, ஆனால் திருத்தம் நடந்துவிடும்.

எனக்கு 26 வயது. பவுண்டரியில் ஷிப்ட் இன்சார்ஜ். 30 வருட அனுபவம் உள்ளவர்களிடம் போய்க் குறை சொன்னால் ‘நீ பொறக்குறதுக்கு முன்னாடியே…’ என்று ஆரம்பிக்கிறார்கள்.
– கோவை

அவர்கள் சொல்வது உண்மைதானே, ஒத்துக்கொள்ளுங்கள். ‘அண்ணே, வார்க்கிறதுல உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியாது. இன்னிக்கு 40-ல 6 காஸ்டிங்ல ஊதுதுளை வந்திருக்குது. நேத்து ரெண்டுதான். மணல் ஈரமா, டெம்பரேச்சரா, எதுன்னு நீங்க சொல்லுங்க’ என்று எண்ணிக்கையோடு போய் நில்லுங்கள். உடைந்த காஸ்டிங் ஒன்று கையில் இருக்கட்டும். அனுபவத்தைக் கேள்வி கேட்டால் சண்டை, அனுபவத்திடம் கேள்வி கேட்டால் பதில். ஆனால் கண்ணாடி, கையுறை, ஷூ போடாமல் உருகிய உலோகத்தின் பக்கத்தில் நிற்பவரிடம் இந்த நயமெல்லாம் வேண்டாம். ‘அண்ணே, நிறுத்துங்க’, அவ்வளவுதான். விளக்கமெல்லாம் பிறகு.

‘ஃபீட்பேக்’ என்ற பெயரில் மேனேஜர் என் உடை, உடல் பற்றியே பேசுகிறார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?
– சென்னை

எடுத்துக்கொள்ளவே வேண்டாம், அது ஃபீட்பேக் கிடையாது. யூனிஃபார்ம் விதி ஒன்று எழுத்தில் இருந்து, அதை நினைவூட்டினால் அது வேறு. உடலைப் பற்றிய பேச்சு, விரும்பத்தகாத பாலியல் தொனியுள்ள பேச்சு ஆகியவை 2013-ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரலாம். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடம் என்றால் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். என்ன சொன்னார், எந்தத் தேதி, யார் இருந்தார்கள் என்பதை இன்றே எழுதி வையுங்கள்.

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பெயரைப் போட்டே குறை சொல்கிறார்கள். அங்கேயே பதில் சொல்லலாமா?
– ஈரோடு

‘பார்த்துட்டேன் சார், நேர்ல வந்து பேசுறேன்’ என்று ஒரு வரி. விளக்கம், ஸ்கிரீன்ஷாட், கும்பிடு போடும் பொம்மை எதுவும் வேண்டாம். நேரில் போய் முதலில் வேலையைப் பேசி முடியுங்கள். எழுந்திருக்கும்போது, ‘அடுத்த தடவை எனக்குத் தனியா ஒரு மெசேஜ் போட்டுடுங்க சார், உடனே சரி பண்ணிடறேன்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள்.